சாவியைத் தேடி வந்த சிவப்புப் பெட்டி

பாதுகாப்பைப் பற்றி மேடையில் பேசுகிறவருக்கு விபத்தில் சிக்கும் உரிமை கிடையாது. மருத்துவருக்குக் காய்ச்சல் வரலாம், வழக்கறிஞர் மீதே வழக்கு வரலாம், உலகம் அனுதாபப்படும். பாதுகாப்பு அதிகாரியின் சுண்டுவிரலில் ஒரு கீறல் விழுந்தால் மட்டும் அதே உலகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரிக்கும்.

படப்பையில் எங்கள் தெருவிலும், ஒரகடத்தில் நான் பணிபுரிந்த தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்திலும் என்னைப் பற்றிய கதை ஒன்று பல வடிவங்களில் உலவுகிறது. ஒரு வடிவத்தில் தீயணைப்பு வண்டி வருகிறது. மற்றொன்றில் என் கால்சட்டை அவிழ்கிறது. இரண்டும் பொய். தீயணைப்பு வண்டி வரவில்லை. கால்சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டை மட்டும் சற்று வெளியே எடுக்கப்பட்டது, அதுவும் என் சம்மதத்தின் பேரில். நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் பெயருக்கு நான் ஆற்ற வேண்டிய கடமை என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

நான் பணிபுரிந்தது கார்க் கதவுகளுக்கான இரும்புத் தகடுகளை அழுத்தி உருவாக்கும் தொழிற்சாலை. வெட்டிய தகட்டின் விளிம்பு சவர பிளேடுக்கு அண்ணன் முறை. அதை ஒருவரும் வெறுங்கையால் தொடாமல் பார்த்துக்கொள்வதே என் உத்தியோகம். தாம்பரத்துக் கல்லூரியில் இயற்பியல் படித்து, எங்கள் பங்காளிகளிலேயே முதல் பட்டதாரியாக ஊர் திரும்பியவன் நான். ஆகவே சொல்லும் முறையில் ஒரு கண்டிப்பு இயல்பாகவே அமைந்திருந்தது. பணிக்காலம் முழுவதையும், இயந்திரங்களைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே கழித்தேன். ஸ்பேனர் பிடித்தவர்களின் கைகளைக் காத்தேனே தவிர, ஸ்பேனரை நான் பிடித்ததில்லை. (இது குறையன்று. அம்பயர் மட்டை பிடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.)

தொழிற்சாலையில் என் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது பூட்டு. இயந்திரத்துக்குள் ஒருவர் கையை விடுவதற்கு முன்னால் அதன் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். பூட்டின் மேல் அவருடைய புகைப்பட அட்டை தொங்க வேண்டும். சாவி அவருடைய உடம்பிலேயே இருக்க வேண்டும். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது, முதலாளியே வந்து நின்றாலும் சரி. இந்த விதியை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஒருமுறை தண்ணீர் மோட்டாரைச் சோதிப்பதற்காகப் பூட்டியிருந்தபோது, தொட்டி காலியாகிவிட்டதென்று என் மனைவி சகுந்தலா வேறொரு சாவியால் திறந்துவிட்டாள். அன்று அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் முன்னிலையிலேயே அவளுக்கு அந்த விதியை நான் விரிவாக விளக்கினேன். அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டாள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டது என் பிழை.

நான் ஓய்வு பெற்ற பிறகு தொழிற்சாலையின் பாதுகாப்பு வார விழாவுக்கு ஆண்டுதோறும் யார் யாரையோ தலைமை விருந்தினராக அழைத்தார்கள். ஓராண்டு யோகாசன ஆசிரியர் ஒருவர் வந்து, மூச்சை அடக்கினால் விபத்து நேராது என்று பேசிவிட்டுப் போனார். பொறுமையாக இருந்தேன். பிறகு ஓராண்டு எனக்கே அழைப்பு வந்தது. ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாலை விழா; குடும்பத்துடன் வர வேண்டும்; பேச வேண்டிய பொருள், கைகளின் பாதுகாப்பு. கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். என் காரிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறந்துபோன ஒருவரை நினைவுகூர்ந்து அழைத்திருக்கிறார்கள். அவர் கம்பீரமாகத் தானே ஓட்டிவந்து இறங்க வேண்டாமா?

விழா நாளன்று காலையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினேன். இறங்கியது. பொத்தானை மேலே அழுத்தினேன். கதவுக்குள் ஏதோ முனகியது, கண்ணாடி ஏறவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வராவிட்டால் லாரிப் புழுதி; வந்துவிட்டால் லாரி வாரி இறைக்கும் சேறு. இரண்டில் ஒன்று என் வெள்ளைச் சட்டைக்கு நிச்சயம். சகுந்தலா தன் பட்டுப் புடவையை எடுத்துப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"கண்ணாடி ஏறலன்னா நான் ஷேர் ஆட்டோல வந்துடறேங்க. நீங்க மட்டும் நனைஞ்சிகினு வாங்க."

தலைமை விருந்தினரின் மனைவி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குவதை நான் கற்பனை செய்து பார்த்தேன். அது நடக்கக் கூடாது.

தெரு முனையில் ஒரு மெக்கானிக் கடை உண்டு. ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான், சூடான எஞ்சினுக்குள் வெறுங்கையை விட்டதற்காக அந்த மெக்கானிக்கை, அவருடைய வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டே கண்டித்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கிளவுஸ் போட்டுகினு வேல செய்ற ஆள் எவனாச்சும் கீறானா பார்த்து அவன்கிட்ட வுடு சார்" என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட ஓர் ஆளை இப்போது நான் பார்க்க வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் தென்படவில்லை.

கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்தேன். ஒரு வாலிபர் கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றினார். உள்ளே தகட்டில் ஓர் ஓட்டை. கண்ணாடியின் அடிப்பகுதி ஓர் இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதிலிருந்து நழுவியிருந்தால் மோட்டார் முனகுமே தவிர, கண்ணாடி ஏறாது. ஓட்டை வழியாகக் கையை விட்டு அதைத் திரும்பப் பொருத்த வேண்டும். வாலிபர் வெறுங்கையை விட்டார். எனக்கு உடம்பு கூசியது. காணொளியைப் பாதியில் நிறுத்திவிட்டேன். (பொருத்தும்போது கண்ணாடி சரிந்து விழாமல் அதை மேலே டேப் ஒட்டி நிறுத்திவைக்க வேண்டும் என்ற செய்தி பிற்பாதியில் இருந்ததாகப் பிறகு அறிந்தேன்.)

கையுறைகளுக்கென்றே என் வீட்டில் ஓர் அலமாரி உண்டு. குறுகிய இடத்தில், கூர்விளிம்புள்ள தகட்டுக்குள் கையை விடுவதற்கு, விரலோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய, வெட்டுத் தாங்கும் கையுறையே உகந்தது. இதை நானே ஆண்டாண்டு காலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அலமாரியைத் திறந்தபோது அந்த வகை ஒரு ஜோடி கூட இல்லை. சகுந்தலா அவற்றைப் பலாப்பழம் அரியவும், இறால் உரிக்கவும் எடுத்துப் பயன்படுத்தி, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் வழங்கியிருந்தாள். எஞ்சியிருந்தவை, பிரிவு உபசார விழாவில் எனக்கு அளிக்கப்பட்ட வெல்டிங் கையுறைகள்: முழங்கை வரை நீளும் தடித்த தோல், மணிக்கட்டில் இறுக்கிக் கட்டும் பட்டை, பார்வைக்கு ஒரு படைத்தளபதியின் தோரணை. அணிந்து நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. கார்க் கதவுக்குப் பொருத்தமா என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை.

அடுத்தது பூட்டு. கார்ச் சாவியையும், மாற்றுச் சாவியையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் என் கை உள்ளே இருக்கும்போது யாரும் பொத்தானை அழுத்த முடியாது. அதற்குக் கொண்டியுள்ள பெட்டி வேண்டும். சகுந்தலா பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த சிவப்பு இரும்புப் பெட்டி இருந்தது. அவளுடைய அப்பா காஞ்சிபுரத்தில் வாங்கியது. உள்ளே இருந்த வெள்ளிக் கிண்ணங்களைக் கட்டில்மேல் கொட்டிவிட்டு, இரண்டு சாவிகளையும் போட்டு, என் பழைய பூட்டால் பூட்டி, புகைப்பட அட்டையைத் தொங்கவிட்டேன். "அபாயம். பூட்டியவரே திறக்க வேண்டும்" என்ற வாசகத்துக்கு மேலே கறுத்த மீசையுடன் நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

பூட்டின் சாவியை எங்கே வைப்பது? கால்சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடும். கழுத்தில் தொங்கவிடுவதை நானே தொழிற்சாலையில் தடை செய்திருக்கிறேன். உடம்பைவிட்டு எந்நாளும் பிரியாததாக ஆண்மகனிடம் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, அரைஞாண் கயிறு. அதிலேயே கட்டினேன். சாதாரண முடிச்சு அன்று. மாடு எவ்வளவு இழுத்தாலும் அவிழாத முடிச்சு. என் தந்தையாரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே விவசாயம் அதுதான். கட்டி, வலது இடுப்புக்குப் பின்னால் தள்ளி, சட்டையைச் செருகி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

கார், கேட்டுக்குள் தெருவைப் பார்த்த வாக்கில் நின்றிருந்தது. கதவைத் திறந்து, கோணிப்பையை மடித்துப் போட்டு முழங்காலிட்டேன். பிளாஸ்டிக் பலகை கழன்று வந்தது. அதைப் பிடித்திருந்த கிளிப்புகளும் துப்பாக்கிக் குண்டுகளைப் போல் திசைக்கொன்றாகப் பறந்தன. தகட்டு ஓட்டைக்குள் வலது கையை விட்டேன். தோல் தடிமனாக இருந்ததால், தொடுவது கண்ணாடியா இரும்பா என்று தெரியவில்லை. தடவித் தடவி, கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து, தாங்கியின் மேல் நிறுத்தி அமுக்கினேன். 'டக்' என்று உட்கார்ந்தது.

பழுது நீங்கியது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பட்டதாரி, வாழ்நாளில் முதன்முறையாக, தன் காரைத் தானே சரிசெய்தான். அதே கணத்தில், தாங்குவார் யாரும் இல்லாத அந்தக் கண்ணாடி தன் முழு எடையுடன் அடிவரை சரிந்து, என் கையுறையின் விரல்நுனிகளைத் தாங்கிக்கும் தகட்டுக்கும் இடையில் கவ்விக்கொண்டது.

வலி இல்லை. தோல் அவ்வளவு தடிமன். ஆனால் இழுத்தால் வரவில்லை. கையுறையை விட்டுவிட்டுக் கையை மட்டும் உருவலாம் என்றால், மணிக்கட்டுப் பட்டையை நான் விதிப்படி இறுக்கிக் கட்டியிருந்தேன். பட்டை கதவுக்குள் இருந்தது. யாராவது பொத்தானை மேலே அழுத்தினால் கண்ணாடி ஏறிவிடும், கை வந்துவிடும். பொத்தானுக்குக் கார்ச் சாவி வேண்டும். கார்ச் சாவி பெட்டிக்குள். பெட்டியின் சாவி என் இடுப்பில். என் ஏற்பாட்டில் ஓட்டை ஏதும் இல்லை என்று பெருமைப்பட வேண்டிய தருணம் அது.

இடது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினேன். (பழைய செருப்பின் சுவை என்று சொல்லலாம், செருப்பைச் சுவைத்த அனுபவம் எனக்கு இல்லை.) இடது கையை முதுகுப் பக்கமாக வளைத்து முடிச்சைத் துழாவினேன். என் தந்தையாரின் முடிச்சு என்னை அடையாளம் காணவே மறுத்தது.

தெருவில் ஆள் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்து, ஆழ்ந்த வேலையில் இருப்பதைப் போல் தோற்றமளித்தேன். இது என் பங்காளி ஏகாம்பரத்திடம் பலிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர். நிலத்தை மனைகளாக விற்றுவிட்டு, அதன் பிறகு என்னைக் கவனிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர். எங்கள் மதில்மேல் முழங்கையை ஊன்றினார்.

"இன்னாபா ஆபீசரு, ரொம்ப நேரமா அந்தக் கதவாண்ட குந்திகினு கீற?"

"ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன்."

"கைய வெளிய எட்த்துட்டு ஆய்வு பண்ணேன்."

"வேலை இன்னும் முடியவில்லை."

"வேல முடியலியா, எட்க்க முடியலியா?"

நான் கதவுப் பக்கம் இன்னும் குனிந்துகொண்டேன். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்: "சகுந்தலா! சீக்கிரம் வா. உன் வூட்டுக்காரர கார் புட்சிகினு கீது!"

சகுந்தலா ஈரக் கையுடன் ஓடிவந்தாள். கதவையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஐயோ, கை போச்சா?" என்றாள்.

"கை பத்திரமாக இருக்கிறது. வெளியே வரத்தான் தாமதம்."

அவளுடைய பதற்றம் அதோடு போய்விட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னா பண்ணணும் இப்ப?"

"பெட்டியைத் திறந்து கார்ச் சாவியை எடுக்க வேண்டும்."

அவள் உள்ளே போனாள். வெறுங்கையுடன் திரும்பி வந்தாள். "அதுல உங்க போட்டோ தொங்குது. பூட்னவருதான் தொறக்கணும்னு எழுதிக்கீது."

"சகுந்தலா, இது அவசரம்."

"அன்னிக்குத் தொட்டில தண்ணி இல்ல, அதுவும் அவசரந்தான். எங்கண்ணன் எதிர்ல என்னா சொன்னீங்க? மொதலாளியே வந்தாலும் தொறக்கக் கூடாதுன்னீங்க. நான் மொதலாளி கூட இல்லியே, பொண்டாட்டிதானே."

ஏகாம்பரம் மதிலை விட்டு விலகி, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, வசதியான ஓரிடத்தில் உட்கார்ந்தார். மேகம் இன்னும் கறுத்தது. விழாவுக்குப் புறப்பட வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. யோகாசன ஆசிரியரை மறுபடி அழைத்துவிடுவார்களோ என்ற எண்ணம் என் முதுகுத்தண்டில் ஓடியது. அவளுடைய அண்ணன் முன்னிலையில் நான் சற்று அதிகமாகப் பேசியிருக்கக் கூடும் என்று தெரிவித்தேன். (வருத்தம் தெரிவித்தேன் என்று அவள் சொல்லி வருவது மிகை.)

"சரி, சாவி எங்க?" என்றாள்.

நான் தணிந்த குரலில் சொன்னேன்.

"எங்க?"

மீண்டும் சொன்னேன்.

"எங்கியாம்?" என்றார் ஏகாம்பரம்.

"அர்ணாக்கயித்துல கட்டிகினு கீறாராம் மாமா."

ஏகாம்பரம் சிரிக்கவில்லை, சிரிப்பு அவரைச் சிரித்தது. சகுந்தலா என் சட்டையை வெளியே இழுத்து, முடிச்சோடு போராடினாள். நகம் உடைந்தது. பல்லை வைக்கலாமா என்று யோசித்தாள். தெருவைப் பார்த்து அந்த எண்ணத்தைக் கைவிட்டாள்.

"ஒரு கத்திய எட்த்தாந்து கயித்த அறுத்துடேன்" என்றார் ஏகாம்பரம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சகுந்தலா நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையில் அவர் சிரிப்பு நின்றது. "வாயக் கழுவுங்க மாமா. உயிரோட கீற மனுசன் இடுப்புக் கயித்த யாராச்சும் அறுப்பாங்களா? அது எப்ப அறுக்கறதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கயிற்றை அறுப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அந்தச் சந்தர்ப்பத்தில் கயிற்றுக்குரியவர் படுத்திருப்பார். கருத்துச் சொல்ல மாட்டார். இயற்பியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் அறுக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் சகுந்தலா சொன்னாள்: "சாவி வராதுன்னா பொட்டி வரட்டும்."

அவள் உள்ளே போய்ச் சிவப்புப் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதைப் போல் தூக்கிக்கொண்டு வந்தாள். சரியாக அப்போதுதான் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நின்றது.

முதல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள். அவர்களில் ஒருவன் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, எங்கள் மாடியறையில் வாடகைக்கு இருப்பவன், என் பழைய தொழிற்சாலையிலேயே தகடு அழுத்தும் பிரிவில் வேலை. கையுறை இல்லாமல் நின்றதற்காக முன்னொரு காலத்தில் நான் அவனை வேலையிடத்திலிருந்து வெளியே அனுப்பியதுண்டு. குளித்து உடைமாற்றி மாலை விழாவுக்குப் போக வந்தவன், நண்பர்களுடன் கேட்டுக்குள் நுழைந்தான். நுழைந்தவன் அப்படியே நின்றான்.

அவன் கண்ட காட்சியை நான் மறைக்கப்போவதில்லை. தலைமை விருந்தினர் முழங்காலிட்டிருக்கிறார். வலது கை கார்க் கதவுக்குள். சட்டை வெளியே. அவருடைய மனைவி ஓர் இரும்புப் பெட்டியை அவர் இடுப்போடு வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் கைப்பேசி விளக்கை அடித்துக்காட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாடா மச்சான், எதுனா பரிகாரமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சும்மா இருல" என்ற இசக்கிமுத்து அருகே வந்து, பூட்டில் தொங்கிய அட்டையைக் குனிந்து படித்தான். "சார், ஒங்க போட்டோல்லா இருக்கு. அப்பம் நீங்கதான தொறக்கணும்?"

"அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்" என்றேன்.

செய்யவும் செய்தேன். கயிறு குட்டை, சாவிக்கு விரற்கடை தூரத்துக்கு மேல் சுதந்திரம் இல்லை. சகுந்தலா பெட்டியைச் சாய்த்து இன்னும் அழுத்தினாள். காஞ்சிபுரத்து இரும்பு விலாவில் ஏறியது. நான் இடது கையைப் பின்னால் வளைத்து, சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருகினேன். திறந்தது. பூட்டியவரே திறந்தார். விதி மீறப்படவில்லை. கதையைச் சொல்கிறவர்கள் இந்த முக்கியமான கட்டத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

சகுந்தலா அந்தப் பக்கக் கதவு வழியாக ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கியருக்கு அருகிலுள்ள பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேலயா, கீழயா?"

"மேலே! மேலே!"

நான் அலறியதாகச் சொல்கிறார்கள். தெளிவாக உச்சரித்தேன்.

கண்ணாடி ஏறியது. நான் இழுத்த வேகத்தில் கையுறையின் பட்டை அறுந்து, கை மட்டும் வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை; மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதைப் போல் ஒரு சிவந்த தடம், அவ்வளவே. கையுறை கதவுக்குள்ளேயே விழுந்தது. முதல் மழைத்துளி, மேலே முழுமையாக ஏறியிருந்த கண்ணாடியின் மேல் விழுந்து வழிந்தது.

கூட்டம் கலைவதற்கு முன் இசக்கிமுத்துவைத் தனியே அழைத்தேன். நடந்தது வெளியே போகக் கூடாது என்றேன். அவன் நெஞ்சில் கை வைத்தான். "சத்தியமா சார். யார்ட்டயும் ஒங்க பேரச் சொல்லவே மாட்டேன்." நான் திருப்தியடைந்தேன். சட்டம் படித்திருந்தால் அந்த வாக்கியத்தை மறுபடி ஒருமுறை கவனித்திருப்பேன்.

விழா சிறப்பாகத் தொடங்கியது. மண்டபம் நிரம்பியிருந்தது. சகுந்தலா முன்வரிசையில் பட்டுப் புடவையில் அமர்ந்திருந்தாள். நான் வலது கையைக் கால்சட்டைப் பையில் வைத்தபடி, கை என்பது மனிதனுக்குக் கிடைத்த முதல் கருவி என்று தொடங்கி, கையுறைத் தேர்வு, பூட்டு விதி என்று படிப்படியாகப் பேசினேன். கரவொலி எழுந்தது. என் பெயர் காப்பாற்றப்பட்டது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த நிகழ்ச்சி 'நியர் மிஸ்'. விபத்து நேரவிருந்து, மயிரிழையில் தவறிய ஏதேனும் ஒன்றைத் தொழிலாளர் ஒருவர் மேடையேறிச் சொல்வார். சம்பந்தப்பட்டவரின் பெயரைச் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. சொன்னவருக்குத் தலைமை விருந்தினர் ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசளிப்பார். கண்டதைச் சொல்லத் தொழிலாளர்கள் தயங்கக் கூடாது என்பதற்காக இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்.

மேடை ஏறியவன் இசக்கிமுத்து.

"ஒரு ஊர்ல ஒரு பெரியவரு, சார்" என்று ஆரம்பித்தான். "கார்க் கண்ணாடிய வீட்ல வச்சே சரி பண்ணுதாரு. கைல கிளவுஸ். நல்ல விஷயந்தான். ஆனா வெல்டிங் கிளவுஸ்."

அரங்கம் சிரித்தது. அவன் வாக்குத் தவறவில்லை. ஊரை மாற்றினான், காரின் நிறத்தை மாற்றினான், பெரியவருக்கு ஒரு வழுக்கைத் தலையைக்கூட வழங்கினான். பெட்டியைப் பச்சையாக்கினான். பச்சைப் பெட்டி இடுப்புக்கு வந்த கட்டத்தில் தொழிலாளர்கள் நாற்காலிகளைத் தட்டினார்கள். நான் முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் சகுந்தலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த அம்மையார் தண்ணீர் கொடுத்தார்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "சார், அந்தப் பெரியவரு செஞ்சதுல எது சரி, எது தப்பு? நீங்க சொன்னாத்தான் எங்களுக்கு நல்லாருக்கும்."

எழுந்தேன். "அந்தப் பெரியவர் பூட்டு விதியை முழுமையாகக் கடைப்பிடித்திருக்கிறார். இது பாராட்டத்தக்கது" என்றேன். "பழுதையும் நீக்கியிருக்கிறார் என்று தெரிகிறது. பிழை கையுறைத் தேர்வில் மட்டுமே. குறுகிய இடத்துக்குத் தடித்த கையுறை ஆகாது. கண்ணாடியை முதலில் மேலே நிறுத்திவைத்திருக்க வேண்டும். மற்றபடி, அவர் நிதானமானவர், படித்தவர் என்றே தோன்றுகிறது."

"ஆமா சார்" என்றான் இசக்கிமுத்து, மரியாதையுடன். "அந்தம்மா மட்டும் அந்தப் பச்சப் பெட்டியத் தூக்கிட்டு வரலன்னா..."

"பச்ச இல்ல தம்பி, செவப்பு" என்றாள் சகுந்தலா.

வேண்டுமென்று சொன்னதல்ல என்று இன்றும் சொல்கிறாள். அவளுடைய அப்பா வாங்கிக்கொடுத்த பெட்டி. அதன் நிறத்தை ஒருவன் மேடையேறித் திரும்பத் திரும்பத் தவறாகச் சொன்னால் எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, என் பக்கம். மேலாளர் டிபன் கேரியரை என்னிடம் நீட்டியபடியே உறைந்திருந்தார். வேறு வழியில்லை. வலது கையைப் பையிலிருந்து எடுத்து வாங்கினேன். மணிக்கட்டின் சிவந்த வளையம், கல்யாண மண்டபத்து விளக்கொளியில், பின்வரிசை வரைக்கும் தெரிந்தது.

நான் ஒலிவாங்கிக்கு அருகே போனேன்.

"பெயரைக் கேட்கக் கூடாது என்பது விதி" என்றேன். "யாரும் கேட்க வேண்டாம்."

அதற்குப் பிறகு எழுந்த ஓசையைக் கரவொலி என்று நான் வகைப்படுத்துகிறேன். சிரிப்பும் அதில் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. இசக்கிமுத்து டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு என் காலைத் தொட்டு வணங்கினான். நிமிர்ந்தபோது அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அதற்கடுத்த ஆண்டும் தலைமை விருந்தினராக என்னையே அழைத்தார்கள். யோகாசன ஆசிரியரை அப்படி இருமுறை அழைத்ததில்லை.

வீட்டில் விளைவுகள் நீடிக்கின்றன. நான் யாருக்காவது அறிவுரை சொல்லத் தொண்டையைச் செருமினால் போதும், சகுந்தலா அடுக்களையிலிருந்தே, "பொட்டிய எட்த்தாரட்டா?" என்பாள். மருமகள் வடக்கே பிறந்தவள். அவளுக்குத் தமிழில் தடங்கலின்றி வரும் முதல் வாக்கியம் இதுதான். ஏகாம்பரம் தன் பேத்தியின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகம் செய்யும்போது என் பட்டத்தைச் சொல்லவில்லை, இந்தப் பெட்டிக் கதையைச் சொன்னார்.

அந்தக் கையுறை இன்னும் கதவுக்குள்தான் கிடக்கிறது. எடுக்க வேண்டுமானால் அதே ஓட்டைக்குள் கையை விட வேண்டும். பொருத்தமான மெல்லிய கையுறைகள் இப்போது என்னிடம் இருக்கின்றன; அவகாசம்தான் அமையவில்லை. ஒரகடம் சாலையில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் கதவுக்குள் அது மெத்தென்று தட்டும். "தோ, சீப் கெஸ்ட்டுக்குக் கை தட்றாங்க பாருங்க" என்பாள் சகுந்தலா.

நான் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன். அன்று நான் பொருத்திய பிறகு அது ஒருநாளும் தகராறு செய்ததில்லை. அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.